கனடாவை விட்டு வந்த படக்காரன்

கனடாவை விட்டுவிட்டு ஒருவன் சுவிசுக்கு வந்து குந்தியிருக்கிறான் என்றால் அவன் நல்ல நோக்கத்தோடு வந்திருக்க முடியாது. எண்பதுகளின் நடுவில் லோசானில் எங்கள் அறையில் இருந்தவர்கள் எல்லோரும் இதில் ஒரே கருத்து. நாங்கள் இலங்கையிலிருந்து அகதிகளாகச் சுவிசில் இறங்கியவர்கள். கனடா நாங்கள் போய்ச் சேராத இடம். அங்கே போனவனைத் திருப்பி அனுப்ப மாட்டார்களாம், குடும்பத்தையும் கூப்பிடலாமாம், நிலக்கீழ் அறை வாடகைக்குக் கிடைக்குமாம் என்று வாராவாரம் யாராவது கதை கொண்டுவருவார்கள். அப்படிப்பட்ட இடத்தைக் கைவிட்டு, ஒரு தெரு ஏறினால் மறு தெரு இறங்குகிற இந்த ஊருக்கு வருகிறவனுக்கு ஒன்றில் மூளை பிசகியிருக்க வேண்டும், அல்லது எங்கிருந்தோ சம்பளம் வரவேண்டும்.

நான் ரயில் நிலையத்துக்குக் கீழே ஒரு கஃபேயில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். குசினிக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவில் தட்டுகளை நீட்டுவதற்கு ஒரு சிறிய யன்னல். அந்த யன்னலுக்கு நேரெதிரே இருந்த மேசையை யாரும் விரும்ப மாட்டார்கள்; ஆவியும் சத்தமும் அங்கேதான் வரும். அந்த மனிதன் மட்டும் வேறு மேசைகள் காலியாக இருக்கும்போதும் அங்கேதான் உட்கார்ந்தான். தாடி, தடித்த கம்பளிச் சட்டை, ஒரு கறுப்புக் கோப்பியோடு மத்தியானம் முழுவதும். அவன் கையில் பென்சில். நான் தட்டை எடுக்க நிமிரும்போதெல்லாம் அவன் கண் என்மீது இருந்தது.

அவன் கனடாக்காரன் என்று பரிமாறுகிற பெண் சொன்னாள். பிரெஞ்சு பேசுகிற பகுதியிலிருந்து வந்தவனாம். ஆனால் அவன் பிரெஞ்சு பேசினால் அவளுக்குச் சிரிப்பு வரும். முதலாளிக்கும் வரும். அவன் சொன்னதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்துச் சிரிப்பார்கள். நான் பிரெஞ்சு படிக்கத் தொடங்கிக் கொஞ்ச நாள்தான். என்றாலும் இதை மூளையில் குறித்துக்கொண்டேன். தாய்மொழி என்கிறான், ஆனால் அந்த மொழிக்காரர்களே அவன் பேச்சைக் கேட்டுச் சிரிக்கிறார்கள்.

இதை அறையில் போய்ச் சொன்னேன். எங்கள் அறையில் மூத்தவரை எல்லோரும் அண்ணை என்போம். ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜராக இருந்தவர். சீனி மூட்டையில் யார் கை வைத்தது என்று கண்டுபிடித்தே தலை நரைத்த மனிதர். வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியை வைத்துவிட்டார்.

“தம்பி, பொலிஸ்காரன் கமராவோட வந்தா நீ என்ன செய்வாய்?”

“முகத்தைத் திருப்புவன்.”

“பென்சிலோட வந்தா?”

நான் ஒருநாளும் திருப்பியதில்லை.

“பாத்தியோ? திருப்ப மாட்டாய். அதுதான் பென்சில். கனடாவை விட்டுப்போட்டு ஆரும் இஞ்ச வருவானோ? அவன் கனடாவும் இல்லை, ஒண்டும் இல்லை. வெளிநாட்டார் பொலிசின்ர ஆள். நீ எங்க வேலை செய்யிறாய், ஆரோட கதைக்கிறாய், சிரிக்கிறியோ எண்டு பாக்க விட்டிருக்கிறாங்கள். சிரிச்சுப்போடாதை.”

சிரிக்கக் கூடாது என்பதற்குக் காரணம் இருந்தது. அகதி மனுவுக்கு எனக்கு ‘இல்லை’ என்று பதில் வந்திருந்தது. மேன்முறையீடு போட்டிருந்தேன். அதுவும் போனால் கொழும்புக்கு விமானம். எங்களில் ஒருவனை அப்படி அனுப்பினார்கள், அவன் விமான நிலையத்தைத் தாண்டினானா இல்லையா என்று இன்னும் யாருக்கும் தெரியவில்லை. ஆபத்தில் இருப்பவன் கஃபேயில் சிரித்துக்கொண்டு நிற்பானா என்று நாளைக்கு எவனாவது கேட்கலாம் அல்லவா?

எனக்கு ‘இல்லை’ வந்ததே ஒரு படத்தால்தான். விசாரணையில், என் அண்ணனை இராணுவம் பிடித்துக்கொண்டு போனதை நான் எங்கிருந்து பார்த்தேன் என்று கேட்டார்கள். கிணற்றுக் கட்டுக்குப் பின்னால் ஒளிந்திருந்து பார்த்தேன் என்றேன். அதிகாரி ஒரு தாளையும் பேனாவையும் தள்ளினார். வீட்டை வரை என்றார். எங்கள் பள்ளிக்கூடத்தில் வீடு வரைவது என்றால் ஒரே விதம்தான்: முன்பக்கம், நடுவில் கதவு, இரண்டு யன்னல், மேலே கூரை. அப்படியே வரைந்தேன். வீட்டுக்கு முன்னால் ஒழுங்கை என்கிற குறுந்தெரு, அதைக் கீழே ஒரு கோடாகப் போட்டேன். கிணறு வீட்டுக்குப் பின்புறம் இருந்தது. பின்புறத்தை எங்கே போடுவது? கூரைக்கு மேலே ஒரு வட்டம் போட்டேன். எனக்கு அது சரியாகத்தான் தெரிந்தது.

முடிவுக் கடிதத்தில் எழுதியிருந்தார்கள்: மனுதாரர் தாமே வரைந்த படத்தின்படி கிணற்றுக்கும் ஒழுங்கைக்கும் நடுவில் வீடு மறைக்கிறது, ஆகவே அவர் கண்டதாகச் சொல்வதைக் கண்டிருக்க முடியாது. உண்மையில் ஒழுங்கை எங்கள் வீட்டு வளவின் மூலையில் வளைந்து, கிணற்றடி வேலியை ஒட்டியே போகிறது. அதை நான் வரையவில்லை. வளைந்து போகிற ஒழுங்கையை எப்படி வரைவது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நான் கண்டேன். அண்ணனை இழுத்துக்கொண்டு போகும்போது அவன் திரும்பி என்னைப் பார்த்தான். நெற்றியில் மயிர் விழுந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. அந்தப் பார்வையை வைத்துக்கொண்டுதான் நான் இவ்வளவு தூரம் வந்தேன். அம்மா கொழும்புக்கு வந்து சொந்தக்காரர் வீட்டுத் தொலைபேசியில் பேசக் கிடைக்கும்போதெல்லாம் கேட்கிற முதல் கேள்வியும் அதுதான். “அவன் உன்னைத் திரும்பிப் பாத்தவனோ ராசா?” “ஓம் அம்மா, பாத்தவன்.” அதற்குப் பிறகுதான் சாப்பிட்டாயா, குளிரா என்றெல்லாம் வரும்.

ஆகவே படம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் கையைத் துடைத்துக்கொண்டு நேரே அவன் மேசைக்குப் போனேன். என்ன வரைகிறாய், காட்டு என்றேன். மரியாதைப் பன்மையெல்லாம் அப்போது எனக்கு வாயில் வரவில்லை. அவன் தாளைத் திருப்பிக் காட்டினான். குசினி யன்னல், ஆவி, தட்டுகளை நீட்டுகிற இரண்டு கைகள். என் கைகள்தான். சவர்க்காரத்தில் ஊறிச் சுருங்கிய விரல்கள். முகம் இருக்க வேண்டிய இடம் ஆவியால் மூடியிருந்தது.

“முகம் எங்கே?”

“நீங்கள் இன்னும் அனுமதி தரவில்லையே.”

இந்தப் பதில் என் சந்தேகத்தை இரட்டிப்பாக்கியது. இவ்வளவு நாகரிகமாகப் பேசுகிறவனை எங்கள் ஆட்கள் நம்பியதில்லை. அவன் பையிலிருந்து ஒரு மெல்லிய புத்தகத்தை எடுத்துத் தந்தான். தன்னுடையது, மொன்றியலில் தானே அச்சடித்தது என்றான். மனைவி இங்கே ஆஸ்பத்திரியில் ஒப்பந்தத்தில் தாதியாக இருக்கிறாள், அவளோடு வந்தேன் என்றான். மனைவி உழைக்கப் புருஷன் படம் வரைகிறானாம். அதையும் குறித்துக்கொண்டேன்.

புத்தகத்தை அறைக்குக் கொண்டுபோனேன். அண்ணை அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், மூக்கில் வைத்து மணந்து பார்த்தார். ஊரில் நாங்கள் பார்த்த கொமிக்ஸ் எல்லாம் வேறு. முகமூடி போட்டவன், துப்பறிகிறவன், துப்பாக்கி, குதிரை. பாடப்புத்தகத்துக்குள் வைத்து வாசித்து அடி வாங்கியவர்கள் நாங்கள். இந்தக் கனடாப் புத்தகத்தில் நிறமே இல்லை. ஒருவன் வீட்டு வாசலில் பனி வழித்துக்கொண்டிருக்கிறான். அடுத்த பக்கத்திலும் வழிக்கிறான். அதற்கடுத்த பக்கத்தில் களைத்துப்போய் நிமிர்கிறான்.

“இதை ஆர் காசு குடுத்து வாங்குவான்?” என்றார் அண்ணை. “ஒரு அடிதடி இல்லை. உண்மையான கொமிக்ஸ் எண்டா அடிதடி இருக்கும். இது சும்மா எங்களுக்குக் காட்ட அச்சடிச்சது.”

“ஒருத்தனும் ஒரு ஆளை ஏமாத்த ஒரு முழுப் புத்தகம் அடிக்க மாட்டான் அண்ணை.”

“வெள்ளைக்காரன் அடிப்பான்.”

அடுத்த தடவை கனடாக்காரனிடம் நான் இதையே கொஞ்சம் மாற்றிக் கேட்டேன். இப்படிப்பட்ட புத்தகத்தைக் கனடாவில் யார் செய்கிறார்கள்? அவன் சந்தோஷமாகிவிட்டான். பையைக் கவிழ்த்தான். வன்கூவரில் ஒரு பெண் தன் அடுப்படியையே வரைந்து, தன் சாப்பாட்டு மேசையில் வைத்து மடித்துக் கம்பி குத்துகிறாள். ஹலிஃபாக்சில் ஒருவன் படகுக்குக் காத்து நிற்பவர்களை மட்டுமே வரைகிறான். ரொறன்ரோவில் ஒருவன் இங்கிலிசில் தன் தகப்பனின் கசாப்புக் கடையை. ஒருவருக்கொருவர் தபாலில் அனுப்பிக்கொள்வார்களாம். பாதிப்பேர் ஒருவரை ஒருவர் நேரில் கண்டதே இல்லையாம். அமெரிக்காக்காரரின் பெரிய கம்பனிகள் பறக்கிற மனிதர்களை வைத்திருக்கட்டும், எங்களுக்கு நடக்கிற மனிதர்கள் போதும் என்றான்.

“நாடு முழுக்க ஆள் வைச்சுப் படம் கீறுறாங்கள் எண்டு சொல்லு,” என்றார் அண்ணை, இதை அறையில் போய்ச் சொன்னதும். அவருக்கு எல்லாம் பொருந்திவிட்டது.

ஆனால் எனக்கு ஒரு விஷயம் பொருந்தவில்லை. அவனுடைய புத்தகத்தின் நடுவில் ஒரு கடதாசி ஆலை வருகிறது. அவனுடைய தகப்பன் வேலை செய்த இடமாம். அங்கே ஒருவருடைய கை இயந்திரத்தில் அகப்படுகிறது. அதை அவன் முதலில் கூரையிலிருந்து பார்ப்பதுபோல வரைந்திருந்தான். எந்த இயந்திரம் எங்கே, யார் எங்கே நிற்கிறார்கள் எல்லாம் தெரிகிறது. பிறகு கதவிடுக்கால் பார்ப்பதுபோல. பிறகு நிலத்தில் கிடப்பவனின் கண்ணால். நான் அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஒரு இடத்தைக் கூரைக்கு மேலே நின்று வரையலாம் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் எனக்கு ‘இல்லை’ வந்திருக்காது.

அந்த வாரம் மேன்முறையீட்டைப் பார்த்துக்கொண்ட வழக்கறிஞர் அம்மா கூப்பிட்டுச் சொன்னார், எல்லாம் அந்தப் படத்தில்தான் நிற்கிறது, அதை விளக்க முடியுமா என்று. பிரெஞ்சில் விளக்கினேன், கையால் காற்றில் விளக்கினேன், மேசையில் சீனிக் கட்டிகளை வைத்து விளக்கினேன். அவருக்கு விளங்கவில்லை. வேறு வழியில்லாமல்தான் கனடாக்காரனிடம் போனேன். நம்பிப் போகவில்லை. பொலிஸ்காரன் என்றாலும் அவனுக்கு வரையத் தெரியும் அல்லவா?

அண்ணன் திரும்பிப் பார்த்ததுவரை நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டு அவன் மேலேயிருந்து எங்கள் வளவை வரைந்தான். ஒழுங்கை எங்கே வளைகிறது, வேலி எங்கே, பப்பாசி எங்கே என்று கேட்டுக் கேட்டு வரைந்தான். அவன் பென்சில் அந்த மூலையில் வளைந்தது. கிணற்றுக்கும் ஒழுங்கைக்கும் நடுவில் வீடு இல்லவே இல்லை. அதிகாரி எழுதியது தவறு. நான் சொன்னது சரி. எனக்கு மேசையில் ஏறி நின்று கத்த வேண்டும்போல இருந்தது.

அத்தோடு அவன் விட்டிருக்கலாம். விடவில்லை. வேலி எவ்வளவு உயரம் என்று கேட்டான். தென்னோலைக் கிடுகு வேலி, ஆளுயரத்துக்கும் மேலே என்று கையைத் தூக்கிக் காட்டினேன். அவன் பென்சிலை வைத்துவிட்டு, வா என்று கஃபேயின் பின்முற்றத்துக்குக் கூட்டிப்போனான். மத்தியானச் சாப்பாடு முடிந்து முற்றம் வெறிச்சோடிக் கிடந்தது. எதை வரைவதென்றாலும் முதலில் அதை அங்கே இருப்பதை வைத்துக் கட்டிப் பார்ப்பதுதான் அவன் வழக்கமாம். மரக்கறிப் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக நான் காட்டிய உயரத்துக்கு அடுக்கினான். கிணற்றுக்குப் பதில் ஒரு பியர்ப் பீப்பா. அதற்குப் பின்னால் அன்றுபோலவே குந்து என்றான். குந்தினேன். அவன் பெட்டிகளுக்கு அப்பால் போய் நடந்தான்.

“என்ன தெரிகிறது?”

பெட்டிகள் தெரிந்தன.

“வேலியில் ஓட்டை இருந்ததா?”

இருந்தது. நாய் புகுந்து போகிற பொட்டு, வேலியின் அடியில். அவன் கீழ்ப் பெட்டி ஒன்றை இழுத்து எடுத்துவிட்டு மறுபடி நடந்தான். அவனுடைய சப்பாத்துகள் போயின. வந்தன. அவ்வளவுதான்.

“நீங்கள் எழும்பினீர்களா?”

“எழும்பியிருந்தால் இங்கே உங்களோடு பேசிக்கொண்டிருக்க மாட்டேன்.”

“அப்படியானால்,” என்றான் மெதுவாக, “முகம் எப்படித் தெரிந்தது?”

நான் எழும்பிப் பெட்டிகளை உதைத்தேன். கிழங்குகள் முற்றம் முழுக்க உருண்டன. தமிழில் அவனுக்கு என்னென்ன சொன்னேனோ, அது அவனுக்கு விளங்காதது நல்லது. அதிகாரி ஒரு தாளில் செய்ததை இவன் பெட்டி அடுக்கிச் செய்கிறான். நான் பொய்யன் என்று என் வாயாலேயே சொல்லவைக்கத்தான் இத்தனை நாள் கோப்பி குடித்தான். அண்ணையிடம் போய்ச் சொன்னேன். அவர் எழும்பி நின்றார்.

“சொன்னனான்தானே! இனி அந்தப் பக்கம் பாக்காதை. யன்னலுக்குள்ளால தட்டைத் தள்ளிப்போட்டு முகத்தை உள்ளுக்கு எடு.”

அப்படியே செய்தேன். ஆனால் கோப்பை கழுவுகிற வேலையின் கேடு, கைதான் வேலை செய்யும், தலை சும்மா இருக்கும். சும்மா இருந்த தலை பொட்டுக்குள்ளால் பார்க்கத் தொடங்கியது. நான் கனடாக்காரனைச் சந்தேகித்தேன், அதிகாரியைச் சந்தேகித்தேன், விசாரணையில் மொழிபெயர்த்தவனைச் சந்தேகித்தேன். என் கண்ணைச் சந்தேகிக்க வேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. அந்த முகத்தை இப்போது உற்றுப் பார்க்கப் பார்க்க, நெற்றியில் விழுந்த மயிர் எனக்கு வேறு எங்கோ கண்டதாகத் தெரிந்தது. பிறகு பிடிபட்டது. அண்ணனுடைய அடையாள அட்டைக்கு எடுத்த படத்தில் அப்படித்தான் விழுந்திருக்கும். அன்று தொட்டியில் என்ன உடைந்தது என்று முதலாளி வந்து பார்த்தார்.

கனடாக்காரன் பிறகு ஒருநாள் வந்து யன்னல் வழியே ஒரு உறையை நீட்டினான். உள்ளே இரண்டு தாள். ஒன்று மேலேயிருந்து பார்த்த வளவு. மற்றது கிணற்றடியில் குந்தியிருப்பவன் பார்ப்பது: கறுப்பாக வேலி, அடியில் பொட்டு, அதற்குள் சப்பாத்துகள், நடுவில் வெறுங்கால்கள். “இதுதான் அசல். என்னிடம் நகல் இல்லை. வேண்டாமென்றால் அடுப்பில் போடுங்கள்,” என்றான்.

கால்களைப் பார்த்தேன். “இது பிழை,” என்றேன். என் வாயிலிருந்து தானாக வந்தது. “அண்ணனுக்குப் பெருவிரலை விட அடுத்த விரல் நீளம். வலது கால் நகம் கறுத்திருந்தது, பந்தடித்ததில். வெறுங்கால் இல்லை. ஒரு ரப்பர்ச் செருப்பு கழன்றது. மற்றது காலில் இருந்தது. கழன்றதை அவன் காலால் தேடினான்.”

இதெல்லாம் எனக்குள் இருந்தது. அந்த முகம் இவ்வளவு காலமும் இதற்கு முன்னால் மறைத்துக்கொண்டு நின்றிருக்கிறது. இழுத்துக்கொண்டு போகிறார்கள், அவன் கால்விரலை நீட்டி நீட்டிப் புழுதியில் செருப்பைத் தேடுகிறான். அதுதான் நான் கண்டது. கனடாக்காரன் தட்டு நீட்டுகிற பலகையிலேயே தாளை வைத்து, நான் சொல்லச் சொல்ல அழித்து வரைந்தான். பரிமாறுகிற பெண் தட்டோடு வந்தவள் சத்தம் போடாமல் மற்றப் பக்கத்தால் போனாள்.

மறுபடி விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். வழக்கறிஞர் அம்மா இரண்டு தாளையும் மேசையில் வைத்தார். அதிகாரி அவற்றைப் பார்த்துவிட்டு நான் எதிர்பார்த்ததையே கேட்டார்.

“முன்பு, அண்ணன் திரும்பி உங்களைப் பார்த்தார் என்றீர்கள்.”

“முகத்தை நான் காணவில்லை. கால்களைக் கண்டேன்.”

மொழிபெயர்ப்பாளர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு நான் என் வழக்கை நானே கெடுக்கிறேன் என்று எண்ணம்.

“கால்கள் என்ன செய்தன?”

சொன்னேன். அதிகாரியின் பேனா ஒரு இடத்தில் நின்றது. பிறகு எழுதினார். மேற்கொண்டு அவர் படத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்சக் காலத்தில் ‘ஆம்’ வந்தது. அறையில் அண்ணை கோழி வாங்கிக் காய்ச்சினார். எல்லோரும் என் முதுகில் தட்டினார்கள். நான் கழிப்பறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன். திருப்பி அனுப்ப மாட்டார்கள் என்ற சந்தோஷம் என்று அவர்கள் நினைத்தார்கள், அதுவும்தான். ஆனால் என் அண்ணன் என்னைத் திரும்பிப் பார்க்காமல் போனது அன்றைக்குத்தான்.

கனடாக்காரனின் மனைவிக்கு ஒப்பந்தம் முடிய அவர்கள் திரும்பிப் போய்விட்டார்கள். பின்னொரு நாள் மொன்றியலிலிருந்து அவனுடைய புதிய புத்தகம் தபாலில் வந்தது. எனக்குப் பழைய குணம் போகவில்லை. என் கதையை விற்றுவிட்டானோ என்று ஒவ்வொரு பக்கமாகத் தேடினேன். கஃபே இருந்தது, யன்னல் இருந்தது, ஆவிக்குள்ளால் தட்டு நீட்டுகிற கைகள் இருந்தன. வேலி இல்லை. பொட்டு இல்லை. கால்கள் இல்லை. அந்தத் தாள்களை எனக்குத் தந்ததோடு அவன் விட்டுவிட்டான்.

அண்ணையும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை புரட்டினார். ஏதோ தேடினார். கடைசியில் மூடி வைத்தார்.

“இவ்வளவு நாள் இஞ்ச இருந்தவன். என்னை ஒரு இடத்திலும் கீறேல்லை.”

“உங்களை அவன் கண்டதே இல்லை அண்ணை.”

“நீ சொல்லியிருப்பாய்தானே,” என்றார். உண்மையாகவே அவருக்குக் கோபம்.

அந்த மாதம் அம்மா கொழும்புக்கு வந்திருந்தாள். ரயில் நிலையத் தொலைபேசிக் கூண்டுக்குள் நின்று எண்ணைச் சுற்றினேன். இந்த முறை உள்ளதைச் சொல்லிவிடுவது என்று நினைத்துத்தான் போனேன். அதிகாரிக்குச் சொன்னதை அம்மாவுக்குச் சொல்லாமல் இருப்பது எப்படி? சொல்ல வேண்டிய வசனத்தையும் வழியில் யோசித்து வைத்திருந்தேன். இரைச்சலுக்குள்ளால் அவள் குரல் வந்தது. வழக்கமான கேள்வியை, வழக்கம்போல எல்லாவற்றுக்கும் முதலில் கேட்டாள்.

“அவன் உன்னைத் திரும்பிப் பாத்தவனோ ராசா?”

“ஓம் அம்மா,” என்றேன். “பாத்தவன்.”